வியர்வையை வீணாக்கும் வைட்டமின் மாத்திரை!

காலையில் எழுந்து ஓடுகிறீர்கள். மூச்சு வாங்க சைக்கிள் மிதிக்கிறீர்கள். சட்டை நனைய வியர்க்கிறது. வீட்டுக்கு வந்ததும் "உடம்புக்குச் சத்து" என்று ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறீர்கள்.

அந்த மாத்திரை, நீங்கள் ஓடிச் சம்பாதித்த பலனில் ஒரு பங்கைச் சத்தமில்லாமல் அழித்து விடக்கூடும்!

ஆம். ஜெர்மனி, ஸ்பெயின், நார்வே ஆகிய 3 நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் இப்படித்தான் சொல்கின்றன. மாத்திரை என்றால் விஷ மாத்திரை அல்ல. எல்லா மருந்துக் கடையிலும் சீட்டு இல்லாமல் கிடைக்கிற வைட்டமின் 'சி'யும், வைட்டமின் 'ஈ'யும்தான்!

சர்க்கரை வியாதிக்குப் பயந்து நடக்கிறவர்கள், போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும் வாலிபர்கள், ஜிம்முக்குப் பணம் கட்டி எடை தூக்குகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

கடை வாசலில்...

மாலை நேரத்தில் எந்த மருந்துக் கடை வாசலிலும் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

"அண்ணே, அந்தப் பச்சைக் குப்பி மாத்திரை ஒரு அட்டை குடுங்க. ஈ மாத்திரை."

"எதுக்குத் தம்பி? சீட்டு இருக்கா?"

"சீட்டெல்லாம் இல்லண்ணே. ஜிம்முல சொன்னாங்க. எக்சர்சைஸ் பண்ணா உடம்புல ஏதோ விஷம் ஊறுதாம். இதைப் போட்டா போயிடுமாம்."

"அப்படின்னா புளிப்பு மாத்திரையும் ஒண்ணு போடு. சி! சப்பிச் சாப்பிடலாம்."

தம்பி சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போகிறார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் வில்லங்கம்.

உடம்புக்குள் துரு

முதலில் அந்தப் பாதி உண்மையைப் பார்ப்போம்.

கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வைத்தால் கறுத்துப் போகிறது. இரும்பு ஆணி துருப்பிடிக்கிறது. பழைய எண்ணெய் காறிப்போய் வாடை அடிக்கிறது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே. காற்றில் உள்ள பிராணவாயு! அதாவது ஆக்சிஜன்.

நம்மை வாழ வைக்கும் ஆக்சிஜனே பொருள்களை அரிக்கவும் செய்கிறது. உடம்புக்குள்ளும் இந்த வேலை நடக்கிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிஷத்துக்குச் சுமார் கால் லிட்டர் ஆக்சிஜனைச் செலவழிக்கிறான். வேகமாக ஓடும்போது அது 10 மடங்குக்கு மேல் எகிறுகிறது. இத்தனை ஆக்சிஜனைப் புரட்டும்போது கொஞ்சம் சிந்தத்தானே செய்யும்? அப்படிச் சிந்துவதுதான் 'பிரீ ராடிகல்' என்ற துஷ்டப் பொருள்.

அது செய்யும் சேட்டை என்ன தெரியுமா?

கோவில் வாசலில் ஒருவருக்கு ஒற்றைச் செருப்பு தொலைந்து விட்டது. அவர் பக்கத்தில் கிடந்த செருப்பில் ஒன்றை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார். அந்தச் செருப்புக்காரர் வந்து பார்க்கிறார். அவர் இன்னொருவர் செருப்பை எடுக்கிறார். இப்படியே போனால் வாசலே ரகளையாகி விடும் அல்லவா?

பிரீ ராடிகலும் அப்படித்தான். அதனிடம் ஜோடியில்லாத ஒற்றை எலெக்ட்ரான் இருக்கிறது. பக்கத்தில் உள்ள கொழுப்பிலோ புரதத்திலோ கை வைத்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்குகிறது. பறிகொடுத்தது அடுத்ததைப் பிடுங்குகிறது. இந்தக் களேபரம் அளவுக்கு மீறினால் அதற்கு 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்று பெயர்.

வைட்டமின் சியும் ஈயும் என்ன செய்கின்றன? "எடுத்துக்கோப்பா" என்று தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு நடக்கும் புண்ணியவான் வேலையைச் செய்கின்றன. ரகளை அத்தோடு நிற்கிறது. இதனால்தான் இவற்றுக்கு 'ஆன்டி ஆக்சிடன்ட்' என்று பெயர்.

மூச்சில் பிடிபட்ட ரகசியம்

உடற்பயிற்சியால் இந்தத் துஷ்டப் பொருள் கூடுகிறது என்பது எப்படித் தெரிந்தது?

1978-ம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சிலரை சைக்கிள் மிதிக்க வைத்து, அவர்கள் விட்ட மூச்சைப் பிடித்துச் சோதித்தார்கள். மூச்சில் 'பென்டேன்' என்ற வாயு கூடியிருந்தது. உடம்பில் உள்ள கொழுப்பு காறும்போது வெளிவரும் வாயு அது. வைட்டமின் ஈ கொடுத்த பிறகு அந்த வாயு குறைந்தது.

1982-ம் ஆண்டு அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எலிகளைக் களைத்து விழும்வரை ஓட விட்டார்கள். தசையிலும் ஈரலிலும் பிரீ ராடிகல் 2 மடங்கு முதல் 3 மடங்கு வரை ஏறியிருந்தது.

போதாதா? "உடற்பயிற்சி செய்தால் துரு ஏறும். துருவை மாத்திரை தடுக்கும். ஆகவே ஓடுகிறவர்கள் எல்லோரும் மாத்திரை போட வேண்டும்." கணக்கு சுலபமாக முடிந்து விட்டது!

அதற்கு முன்பே வைட்டமின் சிக்குப் பெரிய இடத்துச் சிபாரிசு கிடைத்திருந்தது. லைனஸ் பாலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ரசாயனத்துக்கு 1954-லும், சமாதானத்துக்கு 1962-லும் நோபல் பரிசு பெற்றவர். சாமானியமான ஆள் அல்ல. அவர் 1970-ம் ஆண்டு, ஜலதோஷத்துக்கு வைட்டமின் சியை அதிக அளவில் சாப்பிடலாம் என்று ஒரு புத்தகமே எழுதினார். ஜனங்கள் கடைக்கு ஓடினார்கள்.

ஆனால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் யாரும் அவசரமாகக் கேட்கவில்லை.

இந்தத் துரு இவ்வளவு கெட்டது என்றால், அதைத் தினமும் உடம்பில் ஏற்றிக்கொள்ளும் விளையாட்டு வீரர்கள் மற்றவர்களை விட ஆரோக்கியமாக இருப்பது எப்படி?

39 வாலிபர்கள்

இதற்கு விடை தேடினார் ஜெர்மனியில் ஜெனா பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் ரிஸ்டோ. அவரும் கூட்டாளிகளும் 39 ஆரோக்கியமான வாலிபர்களைச் சேர்த்தார்கள். இவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஏற்கனவே பயிற்சி செய்து பழகியவர்கள். மீதிப்பேர் புதியவர்கள்.

எல்லோருக்கும் 4 வாரப் பயிற்சி. வாரத்தில் 5 நாள். ஓட்டம், சைக்கிள், மாற்றி மாற்றிச் செய்யும் கசரத்து என்று தினமும் 1 மணி நேரத்துக்கு மேல்.

இவர்களில் ஒரு பாதிக்கு தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும், 400 யூனிட் வைட்டமின் ஈயும் கொடுத்தார்கள். மற்றப் பாதிக்கு மாத்திரை இல்லை.

4 வாரம் முடிந்தது. இன்சுலினுக்கு உடம்பு எவ்வளவு தூரம் கட்டுப்படுகிறது என்று அளந்தார்கள்.

இன்சுலின் என்பது ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைக்குள் அனுப்பும் ஆள். அது வந்து தட்டினால் தசை கதவைத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கும். சர்க்கரை வியாதிக்கு இதுதான் ஆரம்பம். "தினமும் நடங்க சார்" என்று டாக்டர் சொல்வதே, அந்தக் கதவு ஒழுங்காகத் திறக்க வேண்டும் என்பதற்குத்தான்.

முடிவு என்ன?

மாத்திரை சாப்பிடாதவர்களுக்குக் கதவு நன்றாகத் திறந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத் திறக்கவில்லை! அதே ஓட்டம், அதே வியர்வை. இந்த விஷயத்தில் பலன் மட்டும் கிடைக்கவில்லை.

பழகியவர், புதியவர் இருவருக்கும் ஒரே கதிதான். 2009-ம் ஆண்டு இந்த முடிவு வெளியானபோது விஞ்ஞானிகள் மத்தியில் பெரிய சலசலப்பு ஏற்பட்டது.

நாயும் தபால்காரரும்

ஏன் இப்படி?

உடற்பயிற்சியின்போது உண்டாகும் பிரீ ராடிகல் வெறும் திருடன் மட்டும் அல்ல. அது தபால்காரரும்கூட!

"இங்கே வேலை அதிகமாகி விட்டது. ஆள் போதவில்லை" என்று தசையின் உள்ளே இருக்கும் மரபணுக்களுக்கு அது கடிதம் கொண்டு போகிறது. கடிதம் கிடைத்ததும் உடம்பு சுறுசுறுப்பாகிறது. தசைக்குள் சக்தி உண்டாக்கும் அடுப்புகளான மைட்டோகாண்டிரியாக்களைப் பெருக்குகிறது. துருவைத் துடைக்கத் தன் சொந்த ஆட்களையும் கூடுதலாக நியமிக்கிறது.

ஆம். உடம்புக்குச் சொந்தமாகவே துருப்படை இருக்கிறது. அதில் முக்கியமான ஒரு நொதியை 1969-ம் ஆண்டு அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்கார்டு, பிரிடோவிச் என்ற இருவர் அடையாளம் காட்டினார்கள். இந்தப் படை தேவைக்கேற்பக் கூடும். ஆனால் தேவை இருக்கிறது என்ற தகவல் போக வேண்டும்.

திருடனைத் துரத்த ஒருவர் நாய் வளர்த்தாராம். அது தபால்காரரையும் சேர்த்து விரட்டியதாம். வீட்டுக்கு வந்த மணியார்டர் திரும்பிப் போய்விட்டதாம். மாத்திரையின் கதையும் இதுதான்!

ஜெர்மனி வாலிபர்களின் தொடைத் தசையில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தபோது இது தெரிந்தது. மாத்திரை இல்லாதவர்களுக்குச் சொந்தப் படையைப் பெருக்கும் உத்தரவு போயிருந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்த உத்தரவு போகவில்லை.

அம்மை குத்துவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தொந்தரவு கொடுத்தால்தான் உடம்பு தற்காப்பைக் கற்றுக்கொள்கிறது. அந்தக் கொஞ்சத்தையும் தடுத்துவிட்டால் கற்றுக்கொள்ள வழி ஏது?

பாதியில் நின்ற எலிகள்

ஜெர்மனிக்கு ஒரு வருஷம் முன்பே, 2008-ல், ஸ்பெயினில் வாலென்சியா நகர விஞ்ஞானிகள் இதே சந்தேகத்தைக் கிளப்பினார்கள்.

அவர்கள் எலிகளை வாரக்கணக்கில் ஓடிப் பழக்கினார்கள். பயிற்சி மட்டும் பெற்ற எலிகள் தாக்குப்பிடித்து ஓடும் நேரம் சுமார் 187 சதவீதம் கூடியது. பயிற்சியோடு வைட்டமின் சியும் பெற்ற எலிகளுக்கு? வெறும் 26.5 சதவீதம்!

14 ஆண்களையும் 8 வாரம் பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தார்கள். அவர்களில் சிலருக்குத் தினமும் 1 கிராம் வைட்டமின் சி. மாத்திரை சாப்பிட்டவர்கள் மற்றவர்களை விட முன்னேறவில்லை. காசுதான் செலவு.

இன்னொரு பக்கம்

"அப்படியானால் மாத்திரை சாப்பிட்ட எல்லோரும் ஓட முடியாமல் விழுந்தார்களா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதிலையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

விழவில்லை!

நார்வே நாட்டில் ஆஸ்லோ நகர விளையாட்டு விஞ்ஞானக் கல்லூரியில் 54 இளைஞர்களையும் பெண்களையும் வைத்து 11 வாரம் சோதித்தார்கள். பாதிப்பேருக்கு 1,000 மில்லிகிராம் சியும் 235 மில்லிகிராம் ஈயும். மீதிப்பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது.

2014-ல் முடிவு வந்தது. அடுப்புகள் பெருகுவதற்கான தசை அடையாளம் மாவு மாத்திரைக்காரர்களுக்குத்தான் உயர்ந்தது. வைட்டமின்காரர்களுக்கு உயரவில்லை. ஆனால் ஓட்டப் பரீட்சையில் இரண்டு கோஷ்டியும் ஒரே அளவு முன்னேறினார்கள்.

டென்மார்க்கில் 2010-ல் முடிந்த இன்னொரு சோதனையில் 12 வாரம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு மாத்திரையால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

ஆக, நஷ்டம் எல்லோருக்கும் எல்லா விதத்திலும் வருகிறது என்று சொல்ல முடியாது. தசைக்குள் பார்த்தால் சில சோதனைகளில் நஷ்டம் தெரிகிறது. ஓட்டத்தில் பெரும்பாலும் தெரியவில்லை. ஆனால் இத்தனை சோதனையிலும் ஒரு விஷயம் ஒன்றுபோல இருக்கிறது. பயிற்சி செய்யும் ஆரோக்கியமான ஆளுக்கு மாத்திரையால் கூடுதல் லாபம் கிடைக்கவில்லை!

"அடுத்த நாள் உடம்பு வலி குறையும்ல?" என்று சிலர் கேட்பார்கள். 2017-ம் ஆண்டு, 50 ஆராய்ச்சிகளில் கலந்துகொண்ட 1,089 பேரின் கணக்கை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். பயிற்சிக்குப் பின் வரும் தசை வலி, ஆள் உணரக்கூடிய அளவுக்குக் குறையவில்லை. வெந்நீரில் குளித்துவிட்டு ஓய்வெடுக்கலாம். காசாவது மிச்சம்!

தாத்தாக்களுக்கும் எச்சரிக்கை

வாலிபர்களை விடுங்கள். "வயசாயிடுச்சு, உடம்புல தெம்பு இல்ல, சத்து மாத்திரை வேணும்" என்று கேட்கும் பெரியவர்கள் நிலை என்ன?

நார்வே விஞ்ஞானிகள் இதையும் பார்த்தார்கள். 60 வயதைத் தாண்டிய ஆண்கள் 34 பேர். 12 வாரம் எடை தூக்கும் பயிற்சி. 2016-ல் முடிவு வெளிவந்தது.

மாவு மாத்திரை சாப்பிட்ட பெரியவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை 3.9 சதவீதம் கூடியது. சியும் ஈயும் சாப்பிட்டவர்களுக்கு 1.4 சதவீதம்தான் கூடியது!

வயதானால் தசை கரையும். கரைவதைத் தடுக்கத்தான் இந்த வயதில் எடை தூக்குவதே. அங்கேயும் மாத்திரை குறுக்கே நின்றிருக்கிறது.

பின்லாந்து அதிர்ச்சி

பயிற்சியின் பலன் குறைவது ஒரு பக்கம். உயிருக்கே உலை வைத்த சம்பவமும் உண்டு.

பின்லாந்து நாட்டில் 29,133 ஆண்களை வைத்துப் பெரிய சோதனை நடந்தது. எல்லோரும் 50 முதல் 69 வயது வரை உள்ள சிகரெட் பிரியர்கள். நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கலாம் என்ற நல்லெண்ணத்தில் அவர்களில் ஒரு பகுதியினருக்கு 'பீட்டா கரோட்டின்' மாத்திரை கொடுத்தார்கள். காரட்டுக்கு நிறம் கொடுக்கும் பொருள் அது. அதுவும் ஆன்டி ஆக்சிடன்ட்தான்.

1994-ம் ஆண்டு கணக்குப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்!

அமெரிக்காவில் நடந்த இதே மாதிரி சோதனையிலும் புற்றுநோய் கூடியது. பயந்துபோய் 1996-ம் ஆண்டு, காலக்கெடுவுக்கு 21 மாதம் முன்பே சோதனையை நிறுத்தினார்கள்.

அடுத்தது வைட்டமின் ஈ. அமெரிக்கா, கனடா பகுதிகளில் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்துச் சோதனை. தினமும் 400 யூனிட். ஆம், ஜெர்மனி வாலிபர்கள் சாப்பிட்ட அதே அளவு. நம்ம கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவும் அதுதான். 2011-ல் வந்த அறிக்கைப்படி, வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு பிராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது.

"நான் சிகரெட் பிடிக்கிறேன், அதனால சத்து மாத்திரை போட்டு ஈடு கட்டிக்கிறேன்" என்று சொல்லும் நண்பர்கள் கவனிக்க!

யாருக்கு நல்லது?

மாத்திரையே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நன்மை கிடைத்த இடமும் இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் 'காம்ரேட்ஸ்' என்ற ஓட்டப் பந்தயம் நடக்கிறது. டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர் தூரம்! பந்தயம் முடிந்ததும் பலருக்குச் சளி, தொண்டைவலி பிடித்துக்கொள்ளும். ஓட்டக்காரர்கள் சிலருக்குப் பந்தயத்துக்கு முன் 3 வாரம் தினமும் 600 மில்லிகிராம் வைட்டமின் சி கொடுத்துப் பார்த்தார்கள். 1993-ல் வெளியான முடிவுப்படி, மாவு மாத்திரைக்காரர்களில் 68 சதவீதம் பேருக்குச் சளி பிடித்தது. வைட்டமின்காரர்களில் 33 சதவீதம் பேருக்குத்தான்.

மாரத்தான் ஓடுகிறவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் சிப்பாய்கள் என 598 பேரின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோதும் ஜலதோஷம் பாதியாகக் குறைந்தது.

ஆனால் இது உடம்பைக் கசக்கிப் பிழிகிறவர்களுக்கு. ஆபீசுக்கும் கடைக்கும் போய்வரும் சாதாரண ஜனங்களுக்கு, தினமும் சி சாப்பிட்டாலும் ஜலதோஷம் வருவது குறையவில்லை. வந்தால் கொஞ்சம் சீக்கிரம் போகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு விதிவிலக்கு. ரத்தத்தில் வைட்டமின் சி உண்மையிலேயே குறைவாக இருக்கிறவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அதைக் கொடுத்தபோது உடல் திறன் கூடியதாக 2016-ல் ஒரு சோதனை சொன்னது. பசிக்கிறவனுக்குச் சோறு போட்டால் தெம்பு வரும். சாப்பிட்டு முடித்தவன் வாயில் இன்னொரு கவளத்தைத் திணித்தால்?

டப்பாவுக்குள் என்ன?

பந்தயத்தில் ஓடும் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது.

ஜெர்மனியில் கொலோன் நகர பரிசோதனைக்கூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருள்களைச் சோதித்தது. வைட்டமின், புரதம் என்று பல வகை. இவற்றில் 94-ல், அதாவது சுமார் 15 சதவீதத்தில், லேபிளில் சொல்லாத ஹார்மோன் சரக்கு கலந்திருந்தது! இது 2004-ல் வெளியான தகவல்.

சாப்பிட்டவருக்குத் தெரியாது. ஆனால் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரிந்து விடும். "எனக்குத் தெரியாது சார், டப்பாவுல போடல" என்று சொன்னாலும், உடம்பில் இருந்ததற்கு அந்த வீரரே பொறுப்பு என்பதுதான் ஊக்கமருந்து விதி. வருஷக்கணக்கில் தடை விழலாம். ரெயில்வே வேலை, போலீஸ் வேலை என்று விளையாட்டை நம்பிக் கனவு காணும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய இடி!

பெற்றோர்களே, "மாஸ்டர் சொன்னார்" என்று பையன் டப்பாவோடு வந்தால், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு டாக்டரிடம் கேளுங்கள்.

அரைக் கொய்யா போதும்!

சரி, உடம்புக்கு வைட்டமின் சி எவ்வளவுதான் வேண்டும்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கணக்குச் சொல்லியிருக்கிறது. (1918-ம் ஆண்டு நம்ம குன்னூரில் பிறந்து, 1958-ல் ஐதராபாத்துக்குக் குடிபோன நிறுவனம் இது!) அதன் 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி ஆண்களுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் போதும். பெண்களுக்கு 65.

சோதனைகளில் கொடுத்தது 1,000 மில்லிகிராம். அதாவது 12 மடங்குக்கு மேல்!

இந்த 80 மில்லிகிராமுக்கு எங்கே போவது? எங்கேயும் போக வேண்டாம். பஸ் நிலைய வாசலில் தள்ளுவண்டியில் மிளகாய்த்தூள் தூவி விற்கிறார்களே, கொய்யா! 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் சி இருக்கிறது. ஒரு நாள் கணக்குக்கு அரைப் பழம் போதும். நெல்லிக்காய் அதற்கும் மேல். எலுமிச்சை, ஆரஞ்சு, முருங்கைக் கீரை எல்லாவற்றிலும் உண்டு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். சூடு பட்டால் சி குறைந்துபோகும். ஆகவே பழத்தைப் பச்சையாகச் சாப்பிடுவது நல்லது.

வைட்டமின் ஈ? வேர்க்கடலையில் இருக்கிறது. சமையல் எண்ணெயில் இருக்கிறது. பீட்டா கரோட்டின் பப்பாளியிலும் காரட்டிலும் கீரையிலும் இருக்கிறது.

"பழத்துல இருக்கிறதும் ஆன்டி ஆக்சிடன்ட்தானே, அதுவும் பலனைக் கெடுக்காதா?" என்று புத்திசாலி வாசகர் கேட்கலாம். மேலே சொன்ன கெடுதல் தெரிந்ததெல்லாம் பெரிய அளவு மாத்திரையில்தான். கொய்யா தின்றவர் பயிற்சியில் பின்தங்கினார் என்று அந்தச் சோதனைகள் எதுவும் சொல்லவில்லை.

என்ன செய்யலாம்?

* ஆரோக்கியமாக இருந்து, பயிற்சியும் செய்கிறவர்கள் சி, ஈ மாத்திரைகளைப் பெரிய அளவில் தினமும் சாப்பிடத் தேவையில்லை.

* டாக்டர் ஒரு காரணத்துக்காக எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். அடுத்த முறை போகும்போது, "நான் தினமும் நடக்கிறேன், இது அவசியம்தானா?" என்று கேளுங்கள்.

* சிகரெட் பிடிக்கிறவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரைப் பக்கமே போக வேண்டாம்.

* பந்தயத்தில் ஓடும் பிள்ளைகளுக்கு, பெயர் தெரியாத டப்பா எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

* சாப்பாட்டில் தினமும் ஒரு பழம், ஒரு கீரை அல்லது காய் இருக்கட்டும்.

* புதிதாக நடக்க, ஓட ஆரம்பிக்கிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதல் நாளே 5 கிலோமீட்டர் ஓடி மூச்சுத் திணற வேண்டாம். உடம்பு தன் துருப்படையைத் திரட்ட அவகாசம் வேண்டும்.

நம் நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடி பேர் என்று 2023-ல் வெளியான கணக்கு சொல்கிறது. அந்தப் பட்டியலில் நம்ம பெயர் சேரக்கூடாது என்றால், கைவசம் உள்ள மலிவான வழி நடையும் ஓட்டமும்தான். அதற்குச் சீட்டு வேண்டாம், காசும் வேண்டாம்.

அந்த ஓட்டத்தில் மூச்சு வாங்கும்போது, தசைக்குள் தபால்காரர் கடிதம் கொண்டு போய்க்கொண்டிருக்கிறார். அவரை விரட்டாமல் இருந்தாலே போதும். மீதியை உடம்பே பார்த்துக்கொள்ளும்!